வளிமண்டலத்தின் தோற்றம்

புவியைச் சூழ்ந்துள்ள காற்று, புவி பிறந்தபோதே உடன் வந்ததன்று. பெரும்பகுதி அதன் உள்ளிருந்து பின்னர் வெளிப்பட்டது. இதற்கு முதன்மையான சாட்சிகள், எதனோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயுக்கள். சூரியனில் நியான் அணுக்கள் ஏறக்குறைய நைட்ரஜன் அணுக்களின் அளவுக்கே உள்ளன. சூரியனை ஈன்ற வாயு முகிலிலிருந்தே புவியும் தன் காற்றைப் பெற்றிருந்தால் அந்த விகிதம் இங்கும் ஓரளவேனும் தென்பட வேண்டும். ஆனால் உலர்காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு; நியானோ பத்து லட்சத்தில் 18 பங்குதான். எடை குறைந்தவை விண்வெளிக்குத் தப்பின, கனமானவை தங்கின என்று இதற்கு விடை கூறுவதுண்டு. அவ்விடை நிலைக்காது. நியான் அணு நீராவி மூலக்கூற்றைவிடக் கனமானது. அது தப்பிய வழியில் நீராவியும் போயிருந்தால் கடல்களே இரா. நியானினும் பன்மடங்கு கனமான கிரிப்டானும் செனானும்கூட இங்கு அரியவை. ஆகவே வாயுக்களைத் தங்கவைத்தது எடையன்று, வேதிப்பிணைப்பு. நீரும் கார்பனும் நைட்ரஜனும் கனிமங்களோடு பிணைந்து புவிக்குள் சேர்ந்தன. பிணையாத மந்த வாயுக்களுக்கு அந்தப் புகலிடம் கிட்டவில்லை.

ஆர்கான் மட்டும் இதற்கு விலக்காகத் தோன்றும். 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த இவ்வாயு காற்றில் 0.93 விழுக்காடு உள்ளது. ஆனால் இந்த விலக்கே கொள்கையின் பெரிய வலிமை. சூரியனில் மிகுந்திருப்பது ஆர்கான்-36. நம் காற்றிலுள்ள ஆர்கானில் 99.6 விழுக்காடு ஆர்கான்-40. பொட்டாசியம்-40 சிதைவதால் இது உண்டாகிறது என்று 1937இல் வைசேக்கர் கருதினார். 1948இல் ஆல்ட்ரிச்சும் நியரும் பழைய பொட்டாசியக் கனிமங்களில் அதை அளந்து காட்டினர். காற்றின் நூற்றிலொரு பங்கு பாறைக்குள் பிறந்து வெளியேறியது என்பதை இப்படி நிறுவியது, நிலவியலின் மிக நேர்த்தியான நிரூபணங்களுள் ஒன்று. 1951இல் ரூபி, நீராவி, கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் முதலியவையும் எரிமலைகள், வெந்நீரூற்றுகள் வழியே அவ்வாறே வந்தன என்று விரித்துரைத்தார். மீத்தேனும் அம்மோனியாவும் நிறைந்த தொடக்கக் காற்று என்ற கருத்து, 1953இல் மில்லர் செய்த சோதனையால் பரவலாக அறியப்பட்டாலும் ஏற்கத்தக்கதன்று. அம்மோனியா புற ஊதாக் கதிரில் விரைந்து சிதைந்துவிடும்.

எரிமலைகள் ஆக்சிஜனைத் தருவதில்லை. சூரிய ஒளி நீராவியைப் பிளப்பதால் சிறிது கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் குளிர்ந்த மேலடுக்கில் நீராவி உறைந்துவிடுவதால் அவ்வழி மிகக் குறுகியது. ஆக்சிஜனை நிறைத்தவை ஒளிச்சேர்க்கை செய்த சயனோபாக்டீரியாக்கள். அதற்கு முன் காற்றில் ஆக்சிஜன் அரிதாகவே இருந்தது என்பதற்குப் பழம்பாறைகளே சான்று. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில், அக்கால ஆற்றில் உருண்டு வந்த பைரைட், யுரேனினைட் மணிகள் துருவேறாமல் கிடக்கின்றன. ஆக்சிஜன் மிகுந்த காற்றில் அவை அழிந்திருக்கும். ஃபார்குவாரும் உடனாளர்களும் 2000இல் வெளியிட்ட கந்தக ஐசோடோப்பு ஆய்வும் இதையே சொல்கிறது. ஆக்சிஜனற்ற காற்றில் மட்டும் நிலைக்கும் ஒரு தனிக்குறி, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளோடு மறைகிறது.

காற்றின் சேர்க்கை இன்றும் மாறிவருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, மவுனா லோவாவில் அளவீடு தொடங்கிய 1958இல் 315 பங்கை எட்டியிருந்தது. இப்போது 420ஐக் கடந்துவிட்டது.