ஏ. எம். ரோசந்தால்

ஏ. எம். ரோசந்தால் (ஆபிரகாம் மைக்கேல் ரோசந்தால், 2 மே 1922 – 10 மே 2006) ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வெளிநாட்டு நிருபராக இருந்தவர். 1969 முதல் 1986 வரை அதன் செய்திப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்.

கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்தார். பெலருசிலிருந்து குடியேறிய யூதரான அவருடைய தந்தை, ரோம வியாபாரத்தை விட்டு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்து வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பிழைத்தார். சாரத்திலிருந்து விழுந்த காயம் பின்னாளில் அவர் உயிரையே வாங்கியது. சகோதரிகள் ஐவரில் நால்வர் இளம் வயதிலேயே இறந்தனர். ரோசந்தாலையும் பள்ளிப் பருவத்தில் எலும்புத் தொற்று முடக்கிப்போட்டது. சிட்டி கல்லூரியில் படிக்கும்போதே, 1943இல், டைம்ஸுக்குக் கல்லூரிச் செய்திகளை அனுப்பத் தொடங்கினார்; மறு ஆண்டே முழுநேர நிருபரானார்.

1946 முதல் எட்டு ஆண்டுகள் ஐக்கிய நாடுகள் சபைச் செய்திகளை எழுதியபின், 1954இல் டெல்லி நிருபராக அனுப்பப்பட்டார். மாநில எல்லைகள் மொழிவாரியாகத் திருத்தப்பட்ட நேரு காலத்து இந்தியா அது. அதன்மீது ஏற்பட்ட பற்று கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1958இல் போலந்து. ஆஷ்விட்ஸ் வதைமுகாமைப் பார்த்துவிட்டு அவர் எழுதிய 'ஆஷ்விட்சிலிருந்து செய்தி எதுவும் இல்லை' என்ற சிறு கட்டுரை அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று வெளியானது. புதிதாகச் சொல்ல எதுவுமில்லை என்று ஒப்புக்கொண்டு, முகாமைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் முகங்களையும் அவர்கள் நடை தடுமாறிய இடங்களையும் மட்டுமே அது பதிவு செய்தது. அவர் எழுதியவற்றில் நிலைத்து நிற்பது இதுதான். 1959 நவம்பரில் போலந்து அரசு அவரை வெளியேற்றியது. எழுதியது பொய் என்பது குற்றச்சாட்டு அல்ல. கட்சியின் உள்விவகாரங்களை அளவுக்கு மீறித் துருவினார் என்பதே. போலந்துச் செய்திகளுக்காக 1960இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பின்னர் பணியாற்றிய டோக்கியோவிலிருந்து 1963இல் நியூயார்க்குக்குத் திரும்பி மாநகரச் செய்தி ஆசிரியரானார். அந்நிய ஊரைப் பார்ப்பதுபோல் சொந்த ஊரைப் பார்க்கும்படி தம் நிருபர்களை விரட்டினார். அந்தப் பார்வையின் பலமும் பலவீனமும் கிட்டி ஜெனோவீஸ் கொலையில் ஒருங்கே வெளிப்பட்டன. 1964 மார்ச் 13 அதிகாலையில் குவீன்ஸ் பகுதியில் அந்த இளம்பெண் குத்திக் கொல்லப்பட்டார். நகரக் காவல் ஆணையருடன் மதிய உணவு அருந்தும்போது இதைக் கேள்விப்பட்ட ரோசந்தால், செய்தியை விரித்தெழுதச் செய்தார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் காவல்துறையை அழைக்கவில்லை என்ற அந்த முதல் பக்கச் செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. கூட்டம் கூடினால் உதவி குறையும் என்ற உளவியல் ஆய்வுகளுக்கும் வித்திட்டது. ஆனால் முழுத் தாக்குதலையும் 38 பேர் பார்க்கவே இல்லை. செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பதை டைம்ஸே 2016இல் ஒப்புக்கொண்டது. ரோசந்தாலோ அந்த 38 பேர் கதையைப் புத்தகமாகவும் எழுதியிருந்தார்.

1969இல் மேலாண்மை ஆசிரியரானார். இரண்டே ஆண்டுகளில் பென்டகன் ஆவணங்கள் வந்து சேர்ந்தன. வியட்நாம் போர் பற்றிய சுமார் 7,000 பக்க ரகசிய ஆய்வை, அதைத் தயாரிப்பதில் பங்காற்றிய டேனியல் எல்ஸ்பெர்க்கிடமிருந்து நிருபர் நீல் ஷீஹன் பெற்றிருந்தார். வெளியிடுவதே சரி என்று ரோசந்தால் உறுதியாக நின்றார். 1971 ஜூன் 13இல் வெளியீடு தொடங்கியது. நீதிமன்றம் தடை விதித்தது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் டைம்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

1977இல் நிர்வாக ஆசிரியர் பதவி கிடைத்தது. விளையாட்டு, உணவு, வீடு, அறிவியல் என நாளுக்கொரு இணைப்பு வந்தது அவர் தலைமையில்தான். பத்திரிகையின் வருமானமும் கூடியது. இணைப்புகள் செய்தியை நீர்க்கச் செய்யும் என்ற முணுமுணுப்பு அலுவலகத்திலேயே இருந்தது. செவ்வாய்தோறும் வந்த அறிவியல் இணைப்பு அதைப் பொய்யாக்கியது.

அலுவலகத்தில் அவர் கோபக்காரர். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பவர் என்ற பேச்சும் உண்டு. ஒருபால் ஈர்ப்பினர் தங்களைக் குறிக்கப் பயன்படுத்திய 'கே' என்ற சொல்லுக்கு அவர் காலத்துச் செய்திப் பக்கங்களில் இடமில்லை. அவருக்குப் பின் வந்த மேக்ஸ் பிராங்கலே 1987இல் அதை அனுமதித்தார். எய்ட்ஸ் நோய் பரவிய தொடக்க ஆண்டுகளில் டைம்ஸ் காட்டிய மெத்தனமும் அவர் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

எல் சால்வடோரில் அமெரிக்க ஆதரவு பெற்ற ராணுவம் நடத்திய எல் மொசோட்டே கிராமப் படுகொலையை 1982 ஜனவரியில் வெளிப்படுத்திய நிருபர் ரேமண்ட் பான்னரை அவர் பின்னர் அங்கிருந்து திரும்ப அழைத்துக்கொண்டதும் தீராத சர்ச்சை. அமெரிக்க அரசின் நெருக்கடிக்குப் பணியவில்லை என்றே ரோசந்தால் சாதித்தார். 1992இல் அந்த மண்ணைத் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. துருவி எழுதியதற்காக ஒரு நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர் எடுத்த முடிவு என்பதால் இது கூடுதலாக உறுத்துகிறது.

1986இல் பதவியிலிருந்து விலகி, 1999 வரை டைம்ஸில் பத்தி எழுதினார்; பிறகு டெய்லி நியூஸில் எழுதினார். 2002இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். மகன் ஆண்ட்ரூ ரோசந்தால் அசோசியேட்டட் பிரஸ்ஸின் மாஸ்கோ அலுவலகத் தலைவராக இருந்து, பின்னர் டைம்ஸின் வெளிநாட்டுச் செய்தி ஆசிரியராகவும், 2007 முதல் 2016 வரை தலையங்கப் பக்க ஆசிரியராகவும் பணியாற்றினார்.