காகிதம் போய்ப் பித்தளை வந்தது

1763-இல், கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற யூசுப்கானின் மதுரைக் கோட்டையைக் கம்பெனிப் படை முற்றுகையிட்டபோது, சிப்பாயின் பையில் இருந்தது காகிதத் தோட்டா. அளந்த வெடிமருந்தும் ஈயக் குண்டும் ஒரே சுருளில் இருக்கும். பல்லால் காகிதத்தைக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். ஆனால் யூசுப்கானை வீழ்த்தியவை தோட்டாக்கள் அல்ல. கோட்டைக்குள் பரவிய பசியும் கூட இருந்தவர்களின் துரோகமும்தான். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

1801 அக்டோபரில், தன்னை எதிர்த்த மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனி, அதே ஆண்டு டிசம்பரில் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. ஊர்க் கொல்லர்களின் துப்பாக்கி வேலைக்கு அது அடியாக இருந்திருக்கும்.

பிரிட்டிஷ் படையில் காகிதத்தின் இடத்துக்குப் பித்தளைத் தோட்டா வந்தது 1860-களில். பிரிட்டனின் ஸ்னைடர் துப்பாக்கிக்கான தோட்டாவில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி வைத்தார்கள். பின்னாளில் ஒரே வில்லையிலிருந்து இழுத்துச் செய்த கூடு வந்தது. சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும். இடையிடையே சூடேற்றி இளக்காவிட்டால் விரிசல் விட்டுவிடும். அடிப்பாகம் கடினமாக இருக்க வேண்டும். வாய் மட்டும் இளகி, சுடும்போது விரிந்து, புகை பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். இந்த நுட்பம் வியக்கத்தக்கது! புதுக் கூட்டின் வாய் நசுங்கியிருந்தால் அச்சில் நேராக்கி, விளிம்பின் பிசிறை நீக்கிய பிறகே மருந்து நிரப்புவார்கள்.

அமெரிக்காவில் கூட்டில் மருந்து நிரப்பும் இந்த வேலையைப் பலர் வீட்டு மேசையிலேயே செய்கிறார்கள். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்.