குறுமரத்தின் நெடுவரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்னர், குவீன்ஸ்டவுனில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டிற்கு ஒரு சிறிய ஜூனிப்பர் போன்சாயை வாங்கி வந்தேன். வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு அருகே வைத்து, நாள் தவறாமல் நீர் ஊற்றினேன். ஆறேழு வாரங்கள் இலைகள் பச்சைப் பசேலென்று இருந்தன. வீட்டிற்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். ஒரு நாள் கிளையைத் தொட்டபோது இலைகள் பொடியாய் உதிர்ந்தன. செடி வளர்ப்பில் பழகிய முதியவர் ஒருவர் பார்த்துவிட்டு, மரம் இறந்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும் என்றார். வேர் அழிந்த பின்னரும் பல வாரங்கள் பச்சையாகத் தோன்றுவது ஜூனிப்பரின் இயல்பாம்.

நான் பெருமை பேசிய நாள்களிலேயே அது பட்டுப்போயிருந்தது! அந்த வெட்கமே இக்கலையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது. படித்தவற்றுள் சிலவற்றை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தட்டில் ஒரு மரம்

'போன்சாய்' என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் 'தட்டில் நடப்பட்டது' என்பது பொருள். சொல் ஜப்பானுடையது, கலையின் தாயகமோ சீனம். அங்கு இதனைப் 'பென்ஜிங்', அதாவது 'தட்டில் அமைந்த காட்சி', என்பர். கி.பி. 706ஆம் ஆண்டைச் சேர்ந்த சாங்குவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், கற்களும் சிறு செடிகளும் அமைந்த தட்டினை ஏந்தி நிற்கும் பணியாளரைக் காணலாம். இக்கலை பின்னர் ஜப்பானுக்குச் சென்றது. அங்கு 1309ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஓவியச் சுருளில் தட்டில் வளரும் குறுமரங்கள் தீட்டப்பட்டுள்ளன.

1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் தோக்கியோ சிதைந்தபோது, அங்கிருந்த போன்சாய் வளர்ப்பாளர்கள் சிலர் நல்ல மண்ணும் நீரும் தேடி ஓமியாவிற்குக் குடிபெயர்ந்தனர். 1925இல் அங்கே உருவான போன்சாய்ச் சிற்றூர் இன்றும் புகழுடன் விளங்குகிறது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அந்நகரில் யமாக்கி என்பவரின் வீட்டில், 1625 முதல் வளர்க்கப்பட்டுவந்த ஒரு வெண்பைன் போன்சாய் மதிலுக்குப் பின்னால் இருந்தமையால் தப்பியது. 1976இல் ஜப்பான் அமெரிக்காவிற்கு அன்பளிப்பாக வழங்கிய 53 போன்சாய்களுள் அதுவும் ஒன்று. குண்டு வீசிய நாட்டிற்கே அம்மரம் சென்றது! 2001இல் யமாக்கியின் பேரர்கள் வாஷிங்டனுக்கு வந்து சொன்ன பின்னரே அம்மரத்தின் கதை அங்குள்ளோருக்குத் தெரியவந்தது.

பேரப்பிள்ளைகளின் காடு

என்னை மிகவும் கவர்ந்தது ஒரு ஜூனிப்பர் காட்டின் வரலாறு. ஜான் நாக்கா 1914இல் அமெரிக்காவில் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்தோடு ஜப்பானுக்குச் சென்ற அவருக்கு இக்கலையைக் கற்பித்தவர் அவருடைய தாத்தா. 21ஆம் வயதில் அமெரிக்கா திரும்பிய நாக்கா, பிற்காலத்தில் அங்குள்ளோருக்கெல்லாம் போன்சாய் ஆசிரியரானார். 1948இல் இரண்டு ஜூனிப்பர் மரங்களோடு தொடங்கி, பின்னர் ஒரே தட்டில் ஒரு காட்டையே அமைத்தார். பேரப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். நிறைவில் பதினொரு பேரர்கள், பதினொரு மரங்கள். அதற்குக் 'கோஷின்' என்று பெயரிட்டார். 'ஆன்மாவைக் காப்பது' என்று அதற்குப் பொருள் கூறுவர். 1984இல் அதனைப் பொதுமக்கள் காணும்படி அளித்தார். நாக்கா 2004இல் மறைந்தார். அவருடைய காடு வாஷிங்டனில் நிற்கிறது.

நம் ஊரில்

சிங்கப்பூரின் முதல் துணைநகரமான குவீன்ஸ்டவுன் 1950களில் உருவாகத் தொடங்கியது. அடுக்குமாடி வாழ்வில் வீட்டுத் தோட்டம் தாழ்வாரத் தொட்டிகளுக்குள் சுருங்கியது. தட்டில் அடங்கும் மரம் இவ்வாழ்விற்குப் பொருத்தமானதே. ஜூரோங்கில் 1975இல் திறக்கப்பட்ட சீனத் தோட்டத்தினுள், 1992இல் சூச்சௌ பாணியில் போன்சாய்த் தோட்டம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

ஜூனிப்பர் வளர்க்க விரும்புவோர்க்கு என் தோல்வி தந்த பாடங்கள் இவை. அது வீட்டினுள் வாழும் மரமன்று. வெயிலும் காற்றும் வேண்டும். கடிகாரம் பார்த்து நீர் ஊற்றாமல், விரலால் மண்ணைத் தொட்டு, மேல்மண் உலரத் தொடங்கியதும் ஊற்றுதல் வேண்டும். நீர் விரைந்து வடியும் பருமணல் கலவையே ஏற்றது. அடித்தட்டில் நீர் தேங்கினால் வேரும் அழுகும், கொசுவும் பெருகும். ஒரு கிளையின் பசுமை முழுவதையும் வெட்டிவிட்டால் அக்கிளை மீண்டும் துளிர்ப்பது அரிது. வளைப்பதற்குச் சுற்றிய கம்பி பட்டையில் பதியுமுன் அதனை நீக்கிவிட வேண்டும். குளிர்நாட்டு மரமாகையால் நம் வெப்பத்தில் ஜூனிப்பர் எளிதன்று. முதன்முதலில் வளர்ப்போர் ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்த சிறுமரங்களையோ வெண்ணிறப் பூப்பூக்கும் வாட்டர் ஜாஸ்மினையோ தேர்ந்தெடுப்பது நலம்.

இவ்வரலாற்றில் வரும் மரங்கள் எவையும் ஒருவர் கையால் மட்டும் வாழ்ந்தவை அல்ல. தட்டில் உள்ள மரம் மழையை மட்டும் நம்பி வாழ இயலாது. அடுத்த கை நீர் ஊற்றாவிட்டால் நானூறு ஆண்டும் சில நாள்களில் முடிந்துவிடும். தேர்வுத்தாளில் நல்ல மதிப்பெண் பெற்றும், பாட்டியிடம் நான்கு சொல் தமிழில் பேசத் தயங்கும் மாணவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த ஜூனிப்பரின் பச்சை நினைவுக்கு வருகிறது. மதிப்பெண்ணை நாங்கள் பள்ளியில் பார்த்துக்கொள்வோம். மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டியது வீட்டில்தான், பெற்றோர்களே.

இப்போது எங்கள் தாழ்வாரத்தில் ஒரு வாட்டர் ஜாஸ்மின் இருக்கிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் என் மகள்தான் மண்ணில் விரல் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் ஈரமா இருக்கு, இன்னைக்கு வேணாம்" என்பாள். நான் ஊற்றாமல் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியத் தோழமை