பள்ளியாசிரியர் வளர்த்த பந்தாட்டம்

ஆண்டு விழா மலர் என்றால் இலக்கியத்தின் இனிமையும் திருக்கோயில்களின் பெருமையும் எழுதப்பெறுதல் நம் சங்கத்தின் மரபு. அம்மரபை இம்முறை அடியேன் சற்றே மீறிப் பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்திருக்கின்றேன்; அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மீறுவதற்குக் காரணமும் உண்டு. மழை ஓய்ந்த மாலைகளில் பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தின் பக்கமாகப் போய்ப் பாருங்கள். அல்லது மலையேறி மூணாற்றுக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் சென்று, தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு அருகே ஒரு சாண் சமநிலம் கிடைத்த இடத்தையெல்லாம் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே பந்தை உதைத்துக்கொண்டிருப்பர். மூணாற்றுத் தோட்டங்களுக்கிடையே ஃபின்லே கேடயத்துக்காக நடைபெறும் போட்டியைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு களித்தவர்கள் நம்மவர்கள். ஆயினும், இந்தப் பாரதம் ஒரு காலத்தில் ஆசியாவிலேயே முதன்மையான பந்தாட்ட நாடாக விளங்கியதையும், அந்த முதன்மையை ஆக்கித் தந்தவர் ஒரு பள்ளியாசிரியர் என்பதையும், அவர் கைப்பட வளர்ந்தவர்களுள் நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர் என்பதையும் நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றார். கல்லூரி மாணவர்களும் பழைய மாணவர்களுமாகச் சேர்ந்து அமைத்த ‘லெவன் ஹாக்கர்ஸ்’ என்னும் கழகத்தில் ஆடினார். பட்டம் பெற்றபின் அவர் நாடிய தொழில் ஆசிரியத் தொழிலே. ஹைதராபாத்துப் பள்ளிகள் சிலவற்றில் பாடம் நடத்திவந்தவர், பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயமும் பெற்று மாணவர்களின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். ஊரார் அவரை ‘ரஹீம் சாஹிப்’ என்றே அழைத்தனர். 1940களிலிருந்து இறுதிநாள் வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் அவரே இருந்தார்.

அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் கதை தனியே ஒரு நூலுக்கு உரியது. கல்கத்தாவின் பெரும் கழகங்களுக்கு இருந்த செல்வமும் செல்வாக்கும் அந்த அணிக்கு இல்லை. பெரும்பாலும் ஏழை வீட்டு இளைஞர்கள். ஆட்டத்தின் பயனாகப் போலீஸில் ஒரு வேலை, மாதம் தவறாத ஒரு சம்பளம் என்பதே அவர்கள் கண்ட பெருவாழ்வு. அத்தகைய அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் இடையறாது வென்றது. டெல்லியின் டூரண்டு கோப்பையை 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றியது. (அதே டூரண்டு கோப்பையை 1955லும் 1958லும் வென்றது நமக்கு அண்டையிலுள்ள நீலகிரி வெல்லிங்டனின் மதராஸ் படைப்பிரிவு அணி என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

ரஹீம் இதனை எவ்வாறு சாதித்தார்? ஆசிரியர் ஒருவர் பாடத்தை எவ்வாறு பகுத்துச் சொல்லிக்கொடுப்பாரோ அவ்வாறே அவர் ஆட்டத்தைப் பகுத்தார். அக்காலத்தில் நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்குப் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றி ஓடுவதில்தான் ஆசை. பார்ப்போரும் அதற்கே கைதட்டினர். ரஹீமோ பந்தைக் கடத்திச் செல்வதையே தடைசெய்த போட்டிகளை இளைஞர்களுக்கென நடத்தினார். வந்த பந்தை வந்த கணமே தோழனுக்குத் தட்டிவிட வேண்டும், இல்லையேல் தவறு. வலக்கால்காரர்கள் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டிகளும் நடந்தன. முதல் நாள்களில் அப்போட்டிகளைக் கண்டோர் சிரித்திருக்கவும் கூடும். இடக்கையால் எழுதச் சொன்னால் நம் கையெழுத்து எப்படியிருக்கும்! ஆனால் சில ஆண்டுகள் இப்படி ஆடிய பிள்ளைக்கு எந்தக் கால் தன் கால் என்ற எண்ணமே மறைந்துபோயிற்று. பந்து ஆளை விட விரைவாக ஓடும் என்ற எளிய உண்மையைக் கொண்டு, உடல் வலிமையில் குறைந்த நம்மவர் வலியவர்களை எதிர்க்கலாம் என்று அவர் கணக்கிட்டார். பின்காப்பில் நால்வர், நடுவில் இருவர், முன்னணியில் நால்வர் என்னும் அமைப்பு 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பையைப் பிரேசில் வென்றபின் உலகெங்கும் பரவிற்று. அதற்கு முன்பே அந்த முறையை அவர் இங்கே கையாண்டு பார்த்தார் என்பர்.

1950ல் நாட்டு அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரிடம் வந்தது. மறு ஆண்டே டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. அடுத்து வந்தது ஓர் அவமானம். 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், அந்தக் குளிர் நாட்டில், நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடி யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றனர். அத்தோல்விக்குப் பின்னரே பூட்சு அணிவது இங்கே கட்டாயமாயிற்று. தோற்ற பயிற்சியாளரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் இக்காலத்து வழக்கம் அன்று இருந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இராது. ரஹீம் நிலைத்திருந்தார்; தோல்வியிலிருந்து தாமும் பாடம் படித்தார். நான்கே ஆண்டுகளில், 1956ல் மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வென்று நம் அணி அரையிறுதிக்குச் சென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் மீண்டும் யுகோஸ்லாவியாவே எதிர்ப்பட்டு 4-1 என வென்றது. ஆயினும் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்பது அதற்கு முன்னும் பின்னும் நாம் எட்டாத உயரம்.

இனி நம் பிள்ளைகளிடம் வருவோம். நம் முன்னோர் தேயிலைக்கும் ஏலத்துக்கும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் என இம்மலைப்பக்கம் வந்தது போலவே, பட்டாளத்தின் பின்னே செகந்திராபாத்துப் பாளையத்துக்குச் சென்று குடியமர்ந்த தமிழர் பலர். அத்தகைய எளிய குடும்பமொன்றில், அம்முகுடா என்னும் சிற்றூரில், 1936ல் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பூட்சு வாங்க வீட்டில் வசதியில்லை. போலீஸார் கழித்துப்போட்ட பழைய பூட்சுகளின் தோலைக் கொண்டு ஒரு சக்கிலியர் தைத்துக் கொடுத்ததே அவருடைய முதல் பூட்சு என்பர். அவர் ஆட்டத்தைக் கண்ட ரஹீம் ஹைதராபாத் அணியின் பயிற்சிக்கு வரச் சொன்னார். பையனோ தயங்கினான். நாள்தோறும் அவ்வளவு தொலைவு போய்வரக் கையில் காசில்லை. ரஹீம் சைக்கிளுக்கு வழி செய்து கொடுத்தார். அந்தச் சைக்கிளில் ஏறி வந்த பையன் 1956ல் மெல்போர்னுக்குச் சென்றார். 1960ல் ரோமில் வலிமை மிக்க ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். சூனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து முன்னணி மூவர் எனப் புகழ்பெற்றார். நுரையீரல் உறை நோயால் 1963ல், இருபத்தேழு வயதுக்குள், ஆட்டத்தை விட நேர்ந்தது அவருடைய போதாத காலம். 2023 பிப்ரவரியில் வங்க மண்ணில் காலமானார். அவர் பெயரைக் கேள்வியுற்ற தமிழர் மிகச் சிலரே என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வருத்தமுண்டு.

கோல் காத்த பீட்டர் தங்கராஜும் அந்த ஹைதராபாத்து மண்ணிலேயே பிறந்த தமிழர். வெல்லிங்டன் அணியில் ஆடி உருவானவர். அவருக்கு இணையாக நாட்டு அணியில் கோல் காத்த மற்றொருவர் நம் பாலக்காட்டுக்காரர். எஸ். எஸ். நாராயணன் 1934ல் ஒற்றப்பாலத்தில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளுக்கும் சென்றவர். ரோமுக்குச் சென்ற அணியில் இரிஞ்ஞாலக்குடையின் ஓ. சந்திரசேகரன் இருந்தார், ரஹீமின் மைந்தர் ஹக்கீமும் இருந்தார். இம்மூவரும் 2021ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதம் ஒன்றிலேயே அடுத்தடுத்து மறைந்தனர்.

ரஹீமின் வாழ்வின் உச்சம் 1962ல் ஜகார்த்தாவில் நிகழ்ந்தது. அப்போதே புற்றுநோய் அவரை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என அணி தோற்றது. தாய்லாந்துடன் ஆடுகையில் பின்காப்பு வீரர் ஜர்னெயில் சிங்குக்குத் தலை உடைந்து தையல் போட நேர்ந்தது. போதாக்குறைக்கு, இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்தமையால் ஊர்மக்கள் கொதித்தெழுந்தனர். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. நம் ஆட்டக்காரர்கள் தாம் இந்தியர் என்று வெளியே காட்டிக்கொள்ளவே அஞ்ச வேண்டிய நிலைமை. இந்த நெருக்கடியில்தான் ஆசிரியரின் மதி வேலை செய்தது. தலையில் தையலுடன் இருந்த ஜர்னெயிலைப் பின்காப்பிலிருந்து எடுத்து முன்னணியில் நிறுத்தினார். நோயுற்று ஓய்ந்திருந்த தங்கராஜை, உயரப் பந்துகளில் வல்லவர் என்பதற்காக, இறுதியாட்டத்தில் கோலுக்கு முன் நிறுத்தினார். செப்டம்பர் 4ஆம் நாள், ஒரு லட்சம் பேர் கூச்சலிட்ட அரங்கில், பானர்ஜி ஒன்றும் ஜர்னெயில் ஒன்றுமாகக் கோல் அடிக்க, அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. அந்தப் பெருங்கூட்டத்தில் நமக்காகக் கைதட்டியவர் பாகிஸ்தானின் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்பது வரலாற்றின் விளையாட்டு.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11ஆம் நாள், ரஹீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று.

அதன்பின் நடந்ததைச் சொல்ல நீண்ட நேரம் வேண்டியதில்லை. 1960க்குப் பின் ஒலிம்பிக் பந்தாட்டத்தில் இந்தியா இன்றுவரை ஆடவில்லை. 1962க்குப் பின் ஆசியத் தங்கமும் இல்லை. நாட்டு அணி ஒரு மனிதரின் அறிவையே நம்பி நின்றது. அவர் வகுத்த முறையைப் பள்ளிதோறும் பாடமாக்கி வைப்பார் இல்லை. இடக்கால் போட்டிகளை ஏனைய மாநிலங்களில் நடத்துவார் இல்லை. மற்ற ஆசிய நாடுகள் முறையாகப் பயிற்சிக் கூடங்கள் அமைத்து முன்னேற, நாம் பழைய பதக்கங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். 2024ல் ‘மைதான்’ என்னும் இந்திப் படம் வெளிவந்த பிறகே அவர் பெயர் பொதுமக்கள் செவியில் விழுந்தது. அறுபது ஆண்டு தாமதம்!

எனினும் அவர் கற்பித்தது அடியோடு அழிந்துவிடவில்லை. அவர் மாணாக்கர் சிலர் தாமே பயிற்சியாளர் ஆயினர். 1970ல் பாங்காக்கில் இந்தியா வெண்கலம் பெற்றபோது பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர்களுள் பானர்ஜியும் ஒருவர். அதைவிட நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. 1960ல் ரஹீமின் கீழ் ரோமுக்குச் சென்ற தமிழர் சைமன் சுந்தரராஜ், பின்னர் கேரள அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அதுவரை கேரளம் சந்தோஷ் கோப்பையை ஒருமுறையும் வென்றதில்லை. 1973 டிசம்பர் 27ஆம் நாள் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில், மூங்கிலும் பலகையுமாக எழுப்பிய இருக்கைகளில் மக்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்க, கேரளம் இரயில்வே அணியை 3-2 என வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அன்று முதல் அவர் பெயரே ‘கேப்டன் மணி’ ஆயிற்று. மலையாள நாட்டின் முதல் வெற்றிக்கு அணியைப் பழக்கியவர் ஒரு தமிழர். அவரைப் பழக்கியவர்களுள் ஒருவர் உருது பேசிய ஹைதராபாத்துப் பள்ளியாசிரியர்.

அந்த இறுதியாட்டத்தை நேரில் கண்டோர், அல்லது வானொலியில் கேட்டோர், நம் குடியிருப்பிலும் தோட்டங்களிலும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் தம் நினைவில் உள்ளதை அடுத்த ஆண்டு மலருக்கு எழுதித் தருவார்களாயின் மலர்க்குழுவினர் மகிழ்ந்து ஏற்பர்.