கொடுவாவுக்கு என்ன இரை?

பிரான்சில் கடலோரமாகக் குடியிருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்தை அனுப்பிவைத்தான். ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ‘த்ருயித் த மேர்’, அதாவது கடல் டிரவுட் என்ற மீனை எப்படிப் பிடிப்பது, என்ன இரை வைப்பது என்பதுதான் புத்தகம் முழுக்க. எனக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு வாசிப்பு குறைவு. ஆனாலும் இதை மூன்று நாளில் முடித்துவிட்டேன்.

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். தூண்டில் இரைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் தெரியுமா? ‘அப்பா’! எழுத்தில் கடைசியில் ஒரு ‘த’ உண்டு, உச்சரிக்க மாட்டார்கள். வாத்தியார் “நல்ல அப்பா இருந்தால்தான் மீன் வரும்” என்று பாடம் நடத்த, பின் பெஞ்சுப் பையன் எழுந்து, “முசியே, அம்மா வந்தால் ஆகாதா?” என்று கேட்டான். வகுப்பு முழுக்க முழங்காலில் நின்றோம். அரசலாறு கடலில் விழும் முகத்துவாரத்தில் மண்புழு வைத்துக் கெளுத்தி பிடித்ததோடு அந்த வயதில் என் மீன்பிடி முடிந்தது.

மறுபடி தூண்டிலைத் தொட்டது சிவகாசிக்கு மாற்றலாகி வந்த பிறகு. அப்போது இது இராமநாதபுரம் மாவட்டம். 1985-ல்தான் தனி மாவட்டமானோம். கடல் இல்லாத ஊரில் என்ன தூண்டில் என்று கேட்பீர்கள். நமக்கு வைப்பாறு இருக்கிறதே. சாத்தூரைத் தாண்டி, விளாத்திகுளத்தைத் தாண்டி, வைப்பார் என்ற ஊர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. இந்த ஆற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் தோண்டியபோது சங்கு வளையல்கள் குவியலாகக் கிடைத்தன. நம் கரிசல்காட்டுக்கும் அந்தக் கடலுக்கும் பழைய உறவு. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தோடு கிளம்பினால், பத்து மணிக்கு முகத்துவார மணல்மேட்டில் இருப்பேன்.

அங்கே எனக்குக் குரு ஒரு வயதான மீனவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். வீச்சுவலை, செவுள் வலை, ஆயிரங்கால் தூண்டில் எல்லாம் பழகிய கை. ஆனால் கொடுவாவுக்கு மட்டும் கைத்தூண்டிலை எடுப்பார்.

கடல் டிரவுட்டுக்கும் கொடுவாவுக்கும் வாழ்க்கை நேர் எதிர். டிரவுட் ஆற்றில் பிறந்து, கடலில் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். கொடுவா உப்புத் தண்ணீரில் பிறந்து, குஞ்சாகக் கழிக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலில் ஆணாக இருந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே பெரிய கொடுவா என்றால் அநேகமாகப் பெட்டைதான். இந்த மீனைப் பண்ணையில் வைத்து நம் நாட்டில் குஞ்சு பொரிக்கவைத்தது 1997-ல், சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்.

பிரெஞ்சுப் புத்தகத்தில் டிரவுட்டுக்கு மண்புழு, மணலில் புதைந்து கிடக்கும் ஒல்லி மீன், மினுங்கும் தகடு என்று பல அத்தியாயங்கள். அண்ணாச்சியிடம் இரண்டே அத்தியாயம்: உயிர் இறால், உயிர் மடவைக் குஞ்சு. “தலையில கறுப்பாத் தெரியுதா, அங்க படாமக் குத்தணும் தம்பி. பட்டா இறால் செத்துப்போகும். செத்ததக் கெளுத்திதான் தின்னும், கொடுவா திரும்பிப் பாக்காது” என்பார். மடவைக்கு முதுகில், முள்ளில் படாமல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக ஏறி வற்றும். வற்றும்போது ஓடைகளிலிருந்து இறாலும் பொடிமீனும் அடித்துக்கொண்டு வரும். அந்த ஓடை வாயில் கொடுவா காத்திருக்கும், நாமும் அங்கே காத்திருக்க வேண்டும். அதன் செவுள் மூடி சவர பிளேடு மாதிரி நரம்பை அறுத்துவிடும் என்பதால் கொக்கிக்கு மேலே ஒரு முழம் கம்பி. இவ்வளவுதான் வித்தை. எனக்குக் கைவர இரண்டு வருஷம் ஆயிற்று.

அப்படி ஒரு ஞாயிறு, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம், தெற்கே ‘தொம்’ என்று ஒரு சத்தம். சிவகாசிக்காரன் காதுக்கு வெடிச் சத்தம் புதிதல்ல. ஆனால் இது தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. தோட்டா. வெளியூர்க்காரர்கள் உடனே சிவகாசி மருந்து என்பார்கள். கரிசல்காட்டில் கிணறு வெட்டப் பாறைக்கு வைக்கும் தோட்டா வேறு, பட்டாசு மருந்து வேறு. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

ஆபீசில் ஒரு பழைய சட்டத் தொகுப்பு இருந்தது. அதில் 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம் என்று ஒன்று, மொத்தமே சில பிரிவுகள்தான். 4-ஆவது பிரிவு, வெடி வைத்து மீன் பிடித்தால் இரண்டு மாதம் வரை சிறை அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆறு குளம் மட்டுமல்ல, கரையிலிருந்து ஒரு கடல் லீக், அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர் வரை கடலுக்கும் பொருந்தும். 5-ஆவது பிரிவு விஷம், சுண்ணாம்பு கலப்பதற்கு. கண்மாயில் திருகுகள்ளிப் பாலும் காரைக்காயும் கலக்கிய கதை நம் பெரியவர்களுக்குத் தெரியும். நோபெல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1867. முப்பதே வருஷத்தில் அதை மீனுக்குப் போடாதே என்று இங்கே சட்டம் எழுதவேண்டி வந்துவிட்டது!

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்களின் உழைப்பு உண்டு. ஒருவர் சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்து மீன் ஆராய்ச்சிக்கு வந்த பிரான்சிஸ் டே. மற்றவர் தென் கன்னடத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். மீன்வளம் வீணாக அழிவதைப் பற்றி டே அறிக்கை கொடுத்ததும், தாமஸ் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற தூண்டில் புத்தகத்தை வெளியிட்டதும் ஒரே வருஷம், 1873. தூண்டில்காரர் ஒருவர் மீனைக் காப்பாற்றச் சட்டம் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. இரை தேடுகிறவனுக்கு மீன் என்ன தின்கிறது, எப்போது வருகிறது, எங்கே குஞ்சு வளர்கிறது எல்லாம் தெரிந்தாக வேண்டும். தோட்டா போடுகிறவனுக்கு எதுவும் தெரிய வேண்டாம். வெடித்ததும் மீனின் காற்றுப்பை கிழிந்துவிடும். கொஞ்சம் மிதக்கும், நிறைய அடியில் போய்விடும், விரல் நீளக் குஞ்சுகளும் சேர்ந்து சாகும். அன்று மிதந்ததில் மடவைக் குஞ்சே அதிகம்.

இவ்வளவு சட்டம் தெரிந்த நான் அன்று மாலை என்ன செய்தேன்? காலையிலிருந்து ஒரு மீனும் மாட்டவில்லை. பஸ் ஏறும் இடத்தில் ஒருவர் இரண்டு கிலோக் கொடுவாவைப் பாதி விலைக்குக் கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் தூண்டிலில் பிடித்தது என்றே சொன்னேன். என் மனைவி வயிற்றைக் கீறியதும் உள்ளே ஒரே ரத்தக் கட்டி. நடுமுள் முறிந்து, விலா முள் சதையை விட்டுக் கழன்று கிடந்தது. அவள் நாகப்பட்டினத்துப் பெண். என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இது தூண்டில்ல வந்த மீனா?” என்றாள். குழம்பு வைத்தாள். அவள் மட்டும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு போகவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். அண்ணாச்சி ஓடை வாயில் உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் எந்த விஷயம் மறைந்தது?

“போன வாரம் மீன் வாங்கிட்டுப் போனீங்களாமே தம்பி?”

“ஆமாம் அண்ணாச்சி.”

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறால் கிடந்த டப்பாவை என் பக்கம் நகர்த்தி, “கறுப்புல படாமக் குத்துங்க” என்றார்.