உழக்கு எண்ணெயும் ஏழு சுடரும்

மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் ஒரு பல்லவர் கற்றளி நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்த ஒலக்கணேசுவரர் கோயிலை உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயில் என்றும் அழைப்பர். 1887இல் அதன் கூரைமீது கப்பல்களுக்காக விளக்கு ஏற்றப்பட்டது. பின்னர் அருகிலேயே தனிக் கலங்கரை விளக்கம் எழுந்தது. உயர்ந்து நிற்கும் கோபுரத்தை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பெயரில் ஒட்டியிருக்கும் உழக்கை நினைப்பவர் சிலரே.

உழக்கு என்பது நாழியில் காற்பங்கு. தமிழகக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு விடப்பட்ட கொடைகள் மிகுதி. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்படும். அவற்றை ஏற்கும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். மூத்தவை கழிய, குட்டிகள் சேர, தொகை குறையாது நிற்பதால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். அணையா விளக்கின் பின்னே ஓர் இடையரின் அன்றாட உழைப்பு இருந்தது.

யூதர்களின் மெனோராவும் இதனையே கூறுகிறது. ஆறு கிளைகளும் நடுத்தண்டுமாய் ஏழு அகல்களைத் தாங்கிய அவ்விளக்குத் தண்டு, ஒரு தாலந்துப் பசும்பொன்னில் ஒரே வேலைப்பாடாக அடிக்கப்பட்டது என்கிறது விடுதலைப் பயண நூல். பொன் ஒருமுறை தந்தால் போதும். எண்ணெயோ நாள்தோறும் வேண்டும். இடித்துப் பிழிந்த தூய ஒலிவ எண்ணெயைக் கொண்டுவரும் கடமை குருக்களுக்கு மட்டுமன்று, இஸ்ரயேல் மக்கள் அனைவருக்கும் விதிக்கப்பட்டது. முதலில் கசியும் எண்ணெயே விளக்குக்கு உரியது என்று யூத அறிஞர்கள் வகுத்தனர். அகலுக்கு அரை லோகு, அதாவது ஏறக்குறைய மூன்று முட்டைகளின் கொள்ளளவு. குளிர்காலத்தின் நீண்ட இரவுக்கும் போதுமான அந்த அளவையே ஆண்டு முழுவதும் ஊற்றினர். இருள் நீளும் நாளைக் கருதியே அளவு வைத்தார்கள் என்பது எண்ணத்தக்கது.

கி.மு. 164இல் யூதா மக்கபே எருசலேம் கோவிலைத் தூய்மைப்படுத்தி விளக்குகளை ஏற்றியதை மக்கபேயர் முதல் நூல் விவரிக்கிறது. ஒருநாளுக்குரிய எண்ணெய் எட்டு நாள் எரிந்த புதுமையோ அந்நூலில் இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் தொகுக்கப்பட்ட தால்முதிலேயே காணப்படுகிறது. போர் வெற்றியைக் காட்டிலும் ஒரு சிமிழ் எண்ணெயே மக்கள் நினைவில் நிலைத்தது போலும்!

கி.பி. 70இல் உரோமையர் கோவிலை அழித்தனர். பொன் விளக்கைப் படைவீரர் சுமந்து செல்லும் காட்சியை உரோமையிலுள்ள தீத்துவின் வளைவில் இன்றும் காணலாம். விளக்கு பின்னர் மறைந்தே போயிற்று. ஆயினும் சிதறுண்ட மக்கள் தங்கள் தொழுகைக்கூடங்களில் அணையா விளக்கு ஒன்றைப் பேணினர். மலையாளக் கரைக்கு வந்தவர்கள் அந்நாட்டுத் தேங்காய் எண்ணெயால் விளக்கேற்றினர். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவி, யோசேப்பு இரப்பானுக்கு அளித்த வட்டெழுத்துச் செப்பேட்டில் குறிக்கப்படும் சிறப்புரிமைகளுள் 'பகல் விளக்கு' ஒன்று. கொச்சியில் 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. அங்கு விளக்கேற்றி வழிபட்ட குடும்பங்களோ பெரும்பாலும் இஸ்ரயேலுக்குச் சென்றுவிட்டன.

நம் ஆலயங்களிலும் நற்கருணைப் பேழையருகே ஒரு விளக்கு இடையறாது எரிகிறது. பல பங்குகளில் அது மின்விளக்காகிவிட்டது. அதனால் பழுதொன்றும் இல்லை என்று நாம் கூறலாம். ஆனால் எண்ணெய் கொண்டுவரும் கைகளும் வேண்டாதவை ஆகிவிட்டன அன்றோ? கோபுரம் கட்ட நன்கொடை தருவோர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுகின்றன. ஆள் அரவமற்ற மாலையில் செபிக்க வருபவர், நோயுற்ற அண்டை வீட்டாரை நாள் தவறாது பார்த்து வருபவர் ஆகியோருக்குக் கல்வெட்டு இல்லை. எனினும் திருச்சபையின் உழக்கு அவர்களிடமே இருக்கிறது. பொன்தண்டு கொள்ளை போனபின்னும் சுடர் அணையாதிருந்தது அத்தகையோரால்தான்.