மன்னாரில் சமூகப் பராமரிப்புப் பணியாளர்

சிறுவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், போரில் உறவுகளை இழந்தோர் ஆகியோரை வீடு தேடிச் சென்று கவனித்து, அவர்களுக்குரிய உதவிகளைப் பெற்றுக்கொடுக்கும் ஊழியர் சமூகப் பராமரிப்புப் பணியாளர் எனப்படுவர். ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின்னர், 1948இல் இலங்கையில் சமூக சேவைகள் திணைக்களம் உருவானது. பணியாளருக்கான பயிற்சி 1952இல் கொழும்பை மையமாகக் கொண்டு தொடங்கியது. அப்பயிற்சியை வழங்கிய நிலையமே 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சமூக சேவைத் துறையின் ஒரு பகுதியை மாகாண சபைகளுக்கு வழங்கியதால், ஒரே பிள்ளையின் விடயத்தில் மாகாணத்தின் நன்னடத்தை உத்தியோகத்தரும் மத்திய அரசின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் தலையிடும் நிலை தோன்றியது.

மன்னாரில் இப்பணியை வளர்த்தது போர்க்கால இடப்பெயர்வே ஆகும். 1990இல் மீண்டும் போர் மூண்டபோது மடுத் தேவாலய வளாகம் ஆயிரக்கணக்கானோரின் புகலிடமாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம் பகுதியில் தஞ்சமடைந்தனர். வேறு பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். தமிழ்நாட்டு முகாம்களில், 1984இல் அமைக்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஏதிலியரையே சுகாதாரப் பணிக்கும் உளவளத்துணைக்கும், அதாவது மனத்துயரைச் செவிமடுத்து ஆற்றுப்படுத்தும் பணிக்கும், பழக்கியது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிலையம் தமிழிலேயே உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்தது. சிறீன் சரூர் 1998இல் பிறருடன் இணைந்து நிறுவிய மன்னார் மகளிர் அபிவிருத்திச் சம்மேளனம் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒரே களத்தில் பணியாற்றச் செய்தது. பிளவுண்ட மாவட்டமொன்றில் இது எளிய காரியமன்று.

போர் முடிந்த பின்னர் இப்பணியின் கடுமை மேலும் தெளிவாயிற்று. கணவர் காணாமற்போன பெண்ணொருத்தி உதவித்தொகை பெறுவதற்கு மரணச் சான்றிதழை ஏற்கவேண்டிய நிலை முன்பு இருந்தது. அதை ஏற்பது தேடலைக் கைவிடுவதாகிவிடும் என அஞ்சிய பலர் மறுத்தனர். 2016இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் காணாமற்போனமைச் சான்றிதழுக்கு வழிவகுத்தது. இவ்விரு சான்றிதழ்களின் வேறுபாட்டை அவளது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விளக்கி, படிவத்தை நிரப்பி, பிரதேச செயலகம்வரை உடன்செல்பவர், தாமும் இடம்பெயர்ந்தவராகவோ உறவினரை இழந்தவராகவோ இருப்பது மன்னாரில் புதுமையன்று. ஆகவே, ஒருமுறைப் பயிற்சியுடன் சான்றிதழ் வழங்கி அனுப்பிவிடுவது இங்கு போதாது. மேற்பார்வை, அதாவது அனுபவமிக்க மூத்தவரிடம் பணியின் சுமையை ஒழுங்காக இறக்கிவைக்கும் ஏற்பாடு, பணியாளரின் ஊதியத்துக்கு நிகரான உரிமையாக மதிக்கப்பட வேண்டியது. முசலி, மடு போன்ற பரந்த பிரதேச செயலகப் பிரிவுகளில் வீட்டுத் தரிசிப்புக்குச் செல்வோருக்குப் போக்குவரத்துச் செலவும் அவ்வுரிமையில் அடங்கும்.